பிளக் கையில் இருந்தது

இது கட்டிவிட்ட கதை இல்லை. பிரிட்டோ இன்றைக்கும் கிருமாம்பாக்கத்தில்தான் இருக்கிறான். மாலை நான்கு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வாசலில் நிற்பான். வீட்டுக்குள் இருக்கமாட்டான்.

கரும்புக் கொல்லைக்கு நடுவே வீடு. கரண்ட் கம்பம் இன்னும் வரவில்லை. அப்பா செல்லப்பனுக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. சோலார்தான் வழி. புதுசு என்றால் நான்கு பேனல்தான் கட்டுப்படியாகும்; பழசு என்றால் எட்டு. எட்டு இருந்தால் மழை நாளிலும் அப்பா தாங்குவார் என்று நினைத்தான் பாவம். வில்லியனூரில் பழைய சாமான் விற்கும் ஆதிமூலத்திடம் பேட்டரி, இன்வெர்ட்டரோடு வாங்கி வந்து மாட்டினான். யார் வீட்டில் இருந்த பேனல் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மாலை. அப்பா மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் இல்லை, லைட் இல்லை. இன்வெர்ட்டர் திரையில் மட்டும்... 340 வாட்ஸ். அப்பாவின் மிஷின் இழுக்கும் அதே அளவு.

பேட்டரி இருந்த மூலையிலிருந்து சத்தம். புஸ்... டக். புஸ்... டக். அதுவும் மிஷினின் சத்தம்தான். மிஷினோ கட்டிலருகே சும்மா நின்றது.

மணி 4:10. சரியாக 4:50-க்கு எல்லாம் அடங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எலக்ட்ரீஷியன் கலைவேந்தன் வந்து ஒவ்வொரு ஒயராகப் பிரித்துப் பார்த்தான். "ஒயரு நல்லாத்தான் கீதுபா. ஆனா இன்னாமோ ஓடுது" என்றவன், டூல்ஸ் பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டான்.

 எல்லாவற்றையும் ஆதிமூலத்திடமே திருப்பிக் கொடுத்துவிடப் பிரிட்டோ முடிவு செய்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நான்கு நாள் வெயிலே இல்லை. ஐந்தாம் நாள் மதியம் பேட்டரி ஒன்பது சதவீதம். அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் தீர்ந்தது. மூன்றரைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ரோடெல்லாம் தண்ணீர், வர நேரமாகும் என்றார்கள்.

4:10. திரை அணைந்தது.

மிஷின் நின்றது. அப்பாவின் உதடு நீலமானது. பிரிட்டோ பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். வேறு பாயிண்ட்டில் செருகக் குனிந்தான்.

புஸ்... டக்.

புஸ்... டக்.

மிஷின் ஓடியது. பிளக் அவன் கையில் இருந்தது.

அதைக் கீழே வைக்கவும் பயம். அசையாமல் நின்றான். அப்பாவுக்கு மூச்சு வந்தது. கட்டிலின் மறு ஓரத்தில் மெத்தை... யாரோ உட்கார்ந்த மாதிரி அழுந்தியிருந்தது.

4:50. சைரன் சத்தம்.

மிஷின் நின்றது. மெத்தை மெல்ல எழும்பியது.

செல்லப்பன் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மகனிடம் கேட்டார்: "பக்கத்துல குந்தினு இருந்தாரே, அவரு யாருடா? ஆம்புலன்ஸ் வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தாரு."

பிரிட்டோ நேராக வில்லியனூருக்குப் போனான். ஆதிமூலம் முதலில் மழுப்பினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சாமானெல்லாம் சுத்துக்கேணியில் ஒரு பெரியவர் வீட்டில் இருந்தவை. அவருக்கும் ஆக்சிஜன் மிஷின்தான் உயிர். போன வருஷ மழையில் அங்கே பேட்டரி தீர்ந்தது, நான்கு பத்துக்கு.

ஆம்புலன்ஸ் வந்தது நான்கு ஐம்பதுக்கு.