முறிய வேண்டிய போல்ட்

இன்று காலை கராஜைத் திறந்ததும் பழைய பெற்றோல் நாற்றம் முகத்தில் அடித்தது. மாதக்கணக்கில் கிடந்து கெட்ட பெற்றோலுக்கு வார்னிஷ் வாடை வரும். எனக்கு அந்த வாடையோடு கோபமும் வரும்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தின் ஒரு குடியிருப்புத் தொகுதியில் நானும் சிவமும் பராமரிப்பு வேலை பார்த்தோம். அகதி முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள். அங்கே பனியை வாரி எறியும் இயந்திரம் ஒன்று இருந்தது. குளிர்காலம் முடிந்ததும் அதன் பெற்றோலை வடித்துவிட வேண்டும். அது என் வேலை. நான் மறந்துபோனேன். இதைச் சிவத்திடம் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஒரு ஜனவரிக் காலை முழங்காலளவு பனி. கடைசிக் கட்டடத்தில் இருந்த இங்கர் என்ற வயதான மனிசியை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போக எட்டரைக்கு வண்டி வரும். இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது.

"பிளக்கைக் கழட்டிப் பாப்பம்," என்றான் சிவம்.

பிளக் காய்ந்து கிடந்தது, பெற்றோல் வரவேயில்லை. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பச்சைக் களி. விறைத்த விரல்களால் கம்பி விட்டுத் துளையைக் குத்தி, புதுப் பெற்றோல் ஊற்றியதும் இயந்திரம் பிடித்தது. சிவம் என்னை ஒருமுறை பார்த்தான், நான் குனிந்துகொண்டேன்.

பத்து மீற்றர் போயிருக்காது. பனிக்குள் கிடந்த கால்மிதியை விழுங்கி, பனியை அள்ளும் முன்சுருள் நின்றது. சுருளைத் தண்டோடு பிணைக்கும் போல்ட் முறிந்திருந்தது. அது முறிவதற்கென்றே மென்மையான இரும்பில் செய்வது. உள்ளே இருக்கும் கியர் தப்பவேண்டுமே. மாற்றுப் போல்ட் கைவசம் இல்லை. பெட்டியில் கிடந்த உறுதியான போல்ட் ஒன்றை எடுத்தேன்.

"வேண்டாம் மச்சான். கியர் போயிடும்."

"நேரத்தைப் பார். போடுறன்."

அடுத்துச் சுருள் ஒரு கல்லில் மாட்டியபோது போல்ட் முறியவில்லை. கியர் முறிந்தது.

சிவம் பனி அள்ளும் சவளை எடுத்தான். நானும் எடுத்தேன். ஓராள் நடக்கும் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு போனோம். இருபது மீற்றர் மிச்சம் இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது என்றார் சாரதி. இருவரும் கைகளைக் கோத்து, அதில் இங்கரை இருத்தித் தூக்கினோம். "ரோலி, ரோலி," பதறாதீங்கோ என்று டெனிஷில் எங்களையே ஆறுதல்படுத்தினார் அந்த மனிசி. ஏற்றிவிட்டோம்.

வண்டி போனபின் சிவம் கேட்டான்: "அவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராட்டி என்ன செய்திருப்பாய்?"

"மெஷின் பழசு," என்றேன்.

ஒரு மாதம் அவன் என்னோடு கதைக்கவில்லை. பிறகு குடும்பத்தோடு லண்டன் போய்விட்டான்.

நாங்கள் இயந்திரம் வைத்திருந்த பராமரிப்பு அறை இன்றில்லை. பனி விழுந்தால் எங்கிருந்தோ ஒரு கொம்பனி ஆட்கள் வருகிறார்கள். இங்கரும் இல்லை. இன்று காலை, பிழை என்னுடையதுதான் என்று சொல்வதற்காகச் சிவத்தின் பழைய தொலைபேசி இலக்கத்தை அழுத்தினேன். அப்படியொரு இலக்கம் பாவனையில் இல்லை என்றது ஒரு குரல்.