தேர்ட் பார்ட்டி என்றால் யார்?

நான் கார் வாங்கியது ஆசைப்பட்டு அல்ல, பயந்துபோய். என் மகள் தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் வீடு மேலகரத்தில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஸ்கூட்டரில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். குற்றால சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் சாலை எங்களுடையது அல்ல. அருவியைப் பார்க்கும் அவசரத்தில் வருகிற வெளியூர் வேன்களுடையது. சாரல் விழுந்த தாரில் பிரேக்கைத் தொட்டாலே வண்டி வழுக்கும். அவள் வரச் சற்றுப் பிந்தினால் நான் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடப்பேன். டைல்ஸைத் தேய்த்துவிடாதீர்கள் என்பாள் என் மனைவி.

அந்த நடைக்கு ஒரு முடிவு கட்டத்தான் பழைய கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆசிரியரின் தம்பி, துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது, “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு அண்ணாச்சி. அடுத்த சீசன் வரைக்கும் நீங்க எதையும் யோசிக்கவே வேண்டாம்” என்றார். நானும் யோசிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றியதோடு காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஃபுல் என்ற சொல் எனக்கு அவ்வளவு தெம்பைக் கொடுத்தது. இங்கே இன்சூரன்ஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டே வகைதான் சொல்வார்கள். ஒன்று ஃபுல். இன்னொன்று ‘வெறும்’ தேர்ட் பார்ட்டி. வெறும் என்ற அடைமொழி இல்லாமல் தேர்ட் பார்ட்டியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. செக்கிங்கில் மாட்டாமலிருக்க எடுப்பது அது. வண்டியை உண்மையாக நேசிப்பவன் எடுப்பது ஃபுல். அந்தப் பார்ட்டி யார் என்று, இத்தனை வருடம் கணக்குப் பாடம் நடத்திய நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூணாவது மனுஷன் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத ஆள். நம் பேச்சில் அதற்கு அதுதானே பொருள்.

சம்பந்தம் ஆடி மாதத்தில் ஒரு பிற்பகலில் ஏற்பட்டது.

மகள் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு வந்தேன். தூறல். முன்னால் போன வேன் சாலையோரப் பழக்கடையைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. அவள் இடது பக்கம் ஒடித்தாள். அந்த ஓரத்தில் மொபெட்டில் ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். காரின் முன்மூலை தட்டிய சத்தம் சின்னதுதான். ஒரு தகர டப்பா விழுந்த மாதிரி. 

நான் இன்னும் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் இறங்கி ஓடிவிட்டாள். அந்தப் பெண் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் வயது இருக்கும். சுற்றி முடித்த பீடிகளைக் கடையில் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். பை கிழிந்து கட்டுக்கட்டாக ஈரத்தில் சிதறிக் கிடந்தன. மகள் காரில் கிடந்த செய்தித்தாளைக் கெட்டியாக மடித்து மணிக்கட்டுக்குக் கீழே வைத்து, துப்பட்டாவால் சுற்றிக் கட்டினாள்.  கூட்டம் சேர்ந்து சத்தம் போட்டபோதும் அவள் நிமிர்ந்து பார்க்காமல் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அக்கா, விரல அசைக்க முடியுதா? இந்த விரல் மரத்திருக்கா?”

எங்கள் காரிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எனக்கு ஓட்டத் தெரியாது; மகள் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்திருக்க, கூட்டத்தில் இருந்த ஒருவர் ஓட்டினார். அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பீடியெல்லாம் நனைந்துவிட்டதே, கடையில் கழித்துவிடுவார்களே என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ வேறு கவலை. அதைச் சொல்லியாக வேண்டும். மகளுக்கு வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. பரீட்சை, இன்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் முடிந்து, அவள்மேல் வழக்கு எதுவும் இல்லை என்கிற போலீஸ் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் வெளிநாட்டுச் சம்பளத்தில் எழுந்தவை. ‘கேஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே இங்கே முதலில் கேட்கும் கேள்வி ஜெயிலைப் பற்றி அல்ல, பாஸ்போர்ட்டைப் பற்றி.

ஆகவே ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் முதலில் கூப்பிட்டது என் மச்சினனை. மனைவியின் தம்பி, ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறான், வீடு வீரகேரளம்புதூர். எந்தச் சிக்கலென்றாலும் ‘பேசி முடிச்சிருவோம்’ என்று வந்து நிற்பவன். அன்றும் அப்படித்தான் வந்தான். அந்தப் பெண்ணின் கணவரும் அதற்குள் வந்திருந்தார். கட்டட வேலைக்காரர். சிமென்ட் படிந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் என்னையும் மகளையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்த் திட்டத்தைச் சொன்னான். தானாக வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லச் சொல்வோம். செலவை நாம் பார்த்துக்கொள்வோம். கையில் ஏதாவது கொடுப்போம். அவர்கள் சம்மதிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது இன்னொரு வழி.

“வண்டிய நான்தான் ஓட்டுனேன்னு ஸ்டேஷன்ல சொல்லிருதேன். எனக்கென்ன, நான் எங்க போவப் போறேன்? ஏட்டி, நீ பேசாம வீட்டுக்குப் போ.”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருவன் நமக்கு இருக்கிறானே என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. பின்னால் நடந்தது அதைக் குறைக்கவில்லை.

மகள் கேட்டது வேறு. “மாமா, உங்க லைசென்ஸக் காட்டுங்க.”

“என்னத்துக்கு?”

“காட்டுங்களேன்.”

அவன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாமா, இது பைக் லைசென்ஸ்.”

“லைசென்ஸ்னா லைசென்ஸ்தானேட்டி. இத வச்சுத்தான் டிராக்டர் ஓட்டுதேன், லோடு வேன் ஓட்டுதேன், ஒங்கம்மாவ கல்யாணத்துக்கெல்லாம் கார்ல கூட்டிட்டுப் போயிருக்கேன்.”

“அதான். நீங்க ஓட்டுனேன்னு சொன்னா, லைசென்ஸ் இல்லாத ஆளு கையில அப்பா வண்டியக் குடுத்தாருன்னு ஆவும். இன்சூரன்ஸ்காரன் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.”

மச்சினன் அட்டையை வாங்கி, முதல் தடவையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். 

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் அரசு மருத்துவமனைகளில் அடிபட்டு வருபவர்களுக்கு முதலில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். போடுவது என்று சொல்வது. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.  என்ன சொல்ல வேண்டுமென்று நாங்கள் சொல்லித்தருவோம் என அவர்களும் எதிர்பார்த்தார்கள்போல.

“நான்தான் கார் ஓட்டுனேன் டாக்டர். என் வண்டிதான் இவங்கள இடிச்சது” என்றாள் மகள்.

வெளியே வந்ததும் நான் அவளிடம் கோபமாகத்தான் பேசினேன். சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள், அந்த அக்கா பீடி சுற்றுகிற கை அது என்றாள். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், வழுக்கி விழுந்ததாக எழுதிவிட்டால் இன்சூரன்ஸிலிருந்து அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்றாள். நாம் கொடுக்கலாமே என்றேன். “எத்தனை மாசத்துக்குப்பா குடுப்பீங்க?” என்று மட்டும் கேட்டாள். அழுதது அதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் அழுதாள்.

ஸ்டேஷனில் வழக்குப் பதிந்தார்கள். அங்கிருந்த எழுத்தர் மரியாதையாகவே பேசினார். மகள் தன் லைசென்ஸையும் நான் வண்டிக் காகிதங்களையும் கொடுத்தோம். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஆள் பெயரில் இருக்கிறதே என்றார். எனக்கு நாற்காலி நழுவுவது போலிருந்தது.

அடுத்த சில நாட்கள் எனக்குத் தூக்கமில்லை. நண்பர் ஒருவர் சொல்லித் தென்காசியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல், அவசரப்படாமல் எனக்கு விளக்கினார். வண்டி கைமாறினால் ஆர்.சி.யை மாற்றினால் மட்டும் போதாது. பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதிப் பாலிசியை நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நான் செய்யவில்லை. அதனால் என் காருக்கு ஆன சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டி அடிபட்டால் கிடைக்கிற ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பும் அப்படித்தான். அது பாலிசியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. பல வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் குறைந்திருந்த பிரீமியமும் விற்றவருக்குச் சேர்ந்த சலுகை. அது வண்டியோடு வராது, ஆளோடு போகும். இப்படி ஒவ்வொன்றாக என் ஃபுல் கழன்று விழுந்தது.

“அப்போ ஒண்ணுமே மிச்சமில்லையா சார்?”

“தேர்ட் பார்ட்டி மிச்சமிருக்கு. அதுதான் பெருசு” என்றார்.

வண்டி யாருக்குக் கைமாறினாலும், சாலையில் அடிபடுகிறவருக்கான காப்பு வண்டியோடு தானாகவே போகும். சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. நாம் மறந்தாலும் போகும். அடிபட்டவருக்கு நம் பெயர் மாற்றம் பற்றி என்ன தெரியும்? அவருக்காக வைத்த ஏற்பாடு நம் கவனக்குறைவால் கெடக் கூடாது என்பது அதன் நியாயம். ஓட்டியவரிடம் சரியான லைசென்ஸ் இருந்ததால் பிறகு என்னிடம் திரும்பி வந்து வசூலிக்கவும் வழியில்லை என்றார். என் மச்சினன் ஓட்டியதாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மொத்தத்தையும் என் தலையில் கட்டியிருப்பார்கள்.

அந்த அறையில்தான் எனக்கு அந்தச் சொல் விளங்கியது. நானும் இன்சூரன்ஸ் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பெயர் தெரியாமல், கையெழுத்துப் போடாமல் மூன்றாவதாக நிற்பவர் ஒருவர் உண்டு. அன்று அது ஈரத்தில் பீடி சிதற உட்கார்ந்திருந்த அந்தப் பெண். பிரீமியத்தில் அவருக்கான பங்கை அரசே இன்ஜின் அளவை வைத்து நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே தொகை, பேரம் கிடையாது. மீதி எல்லாம், அதாவது நாம் ஃபுல் என்று பெருமையாகச் சொல்வது, வண்டியின் இன்றைய மதிப்பைப் பொறுத்தது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம், பழைய வண்டியென்றால் வேண்டாமென்றும் விடலாம். சட்டம் கட்டாயமாக்கியது நமக்கான பங்கை அல்ல, அவருக்கான பங்கை. ‘வெறும்’ என்று நான் சொல்லிவந்ததுதான் என் குடும்பத்தைத் தாங்கி நின்றது.

இப்போது பாலிசி என் பெயரில் இருக்கிறது. காரை ஓட்டுகிற மகளுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பும் எடுத்திருக்கிறேன். மச்சினன் முன்பக்கம் ‘எல்’ ஒட்டிய டிரைவிங் ஸ்கூல் காரில் ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வருவதாகக் கேள்வி. சபரிமலைக்கு முதல் தடவை போகிறவரைக் கன்னிச்சாமி என்பது மாதிரி ஊரில் அவனை ‘கன்னி டிரைவர்’ என்று ஓட்டுகிறார்கள் என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. நஷ்டஈட்டு வழக்கு தென்காசி கோர்ட்டில் நடக்கிறது; இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வக்கீல் கேள்விகள் கேட்கிறார், அந்தப் பெண்ணின் வக்கீல் பதில் சொல்கிறார். எங்களை எதிராளிகள் வரிசையில் எழுதியிருந்தாலும், வாய்தா நாளில் அந்தப் பெண்ணின் கணவர் எனக்கும் சேர்த்து டீ வாங்குகிறார். முதல் நாள் அவர் எங்களை ஏன் அப்படி முறைத்துப் பார்த்தார் என்று ஒருநாள் கேட்டேன். “நீங்க மாத்திப் பேசப் போறீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. எல்லாரும் அப்படித்தானே செய்யுதாங்க” என்றார். நான் டம்ளரை வைத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

மகள்மேல் இருந்த வழக்கில் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அபராதம் கட்டினோம். கூண்டில் அவள் நின்ற அந்தச் சில நிமிடங்களை நான் யாரிடமும் விவரிக்க மாட்டேன். முதலில் போக இருந்த குழுவோடு அவள் போக முடியவில்லை. அவளோடு படித்த பிள்ளைகள் விமான நிலையத்திலிருந்து போட்டோ அனுப்பினார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். பின்னர் சான்றிதழ் வந்தது, வழக்கு முடிந்துவிட்டது என்ற குறிப்போடு. அவள் நடந்ததை ஒளிக்காமல் எழுதி அதையும் சேர்த்து அனுப்பினாள். அங்குள்ள மருத்துவமனை அடுத்த குழுவில் அவளைச் சேர்த்திருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வதென்று ஒரு முகம் தெரியாமல், எல்லாருக்குமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கார்ச் சத்தம் கேட்டால் நான் இன்னும் எழுந்து வாசலுக்குப் போகத்தான் செய்கிறேன். அது போகாது என்றுதான் நினைக்கிறேன். நேற்று மாலை அந்தப் பெண்ணே போன் செய்தார். பாப்பாவுக்கு வெளிநாடு போகிற பேப்பர் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வந்துவிட்டது என்றதும், போனை அவளிடம் கொடுங்கள் என்றார். மகள் வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. “வலிக்கத்தான் செய்யும்க்கா, விட்டுராதீங்க. பெருவிரல மடக்குங்க... இல்ல, இன்னும் கொஞ்சம். எங்க, இப்ப ஒரு இலைய எடுத்துச் சுத்திப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்.”