வழுக்கை ரயருக்கு வெட்டிய வரி

சுன்னாகம் புகையிரத நிலையத்துப் பொதி அறையில் சாக்கைப் பிரித்த மனிதர் முதலில் உள்ளே இருந்த கார் ரயரைப் பார்த்தார், பிறகு மச்சாளைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "லண்டனிலை இருந்து வழுக்கை ரயரோ அக்கா வருகுது? இஞ்சை எங்களிட்டை இல்லாத சாமானே உது?" நான்கு ரயர்கள். ஒன்றில் கூட ஒரு வரி, ஒரு பள்ளம் கிடையாது. உரித்த பனங்கிழங்கு போல வழவழவென்று இருந்தன, நிறம் மட்டும் கறுப்பு. மச்சாள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "வழுக்கை இல்லைத் தம்பி, புதுசு. இது பிறக்கேக்கையே இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார். நானும் மச்சாளுமாக ஒவ்வொன்றாக வெளியே உருட்டிக்கொண்டு வந்தோம். சந்தைக்கு வெங்காயம் கொண்டுவந்த சனம் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தது. எண்பத்து நாலாம் ஆண்டு பங்குனி மாதம். எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

மச்சாள் என்று நான் சொல்வது என் கணவரின் அக்காவை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. கலியாணம் வேண்டாம் என்று வந்த பேச்சையெல்லாம் திருப்பி அனுப்பியவர். கொழும்பில் நில அளவைக் காரியாலயம் ஒன்றில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடமிருந்து இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்புப் பந்தயக் கார் ஒன்றை வாங்கி, தானே கழற்றித் தானே பூட்டி ஓட்டினார். சித்திரை மாதத்தில் மலைநாட்டில் ஒரு போட்டி நடக்கும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஏற்றத்தில் கார்களை ஒவ்வொன்றாக விட்டு, யார் விரைவாக உச்சிக்குப் போகிறார் என்று நேரம் பார்ப்பார்கள். மச்சாள் இரண்டு முறை ஓடியிருந்தார். முதல் முறை ஐந்தாவது, அடுத்த முறை மூன்றாவது. மற்ற எல்லோரும் ஆண்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடென்று கொழும்பில் அவருடைய வாடகை வீட்டை எரித்தார்கள். கார் திருத்துமிடத்தில் நின்றதால் தப்பியது. உடுத்த சேலையோடு அதை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தவர், தெல்லிப்பழையில் தான் படித்த மிஷன் கல்லூரியிலேயே கணிதம் படிப்பிக்கத் தொடங்கினார். தையில், வரும் சித்திரைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னபோது வீடே கொதித்தது. உனக்கு விசரோ என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். மச்சாள் சொன்னது எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "வீட்டை எரிச்சாங்கள். வேலையையும் விட்டிட்டு வந்தன். இதையும் நானாத் தூக்கிக் குடுக்கிறதோ?" அந்த ஏற்றம் அவருக்கு விளையாட்டு அல்ல. தன்னிடமிருந்து பறிக்க முடியாத ஒன்று இருக்கிறது என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே இடம் அது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

ரயர் தெரிவு செய்ய அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஊரில் இரண்டு கலியாணம் முடித்திருக்கலாம். லண்டனிலிருந்த அவருடைய அண்ணை அனுப்பிய புத்தகங்களை வைத்துக்கொண்டு, தன் சாதகத்தை ஒருநாளும் விரித்துப் பாராதவர், ரயருக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்தார். ஊரிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் வழி முழுவதும் குழியும் கல்லும். அதற்குக் கடினமான றப்பரும் தடித்த பக்கங்களும் ஆழமான வரிகளும் உள்ள ரயர் வேண்டும். அது காரில் ஏற்கெனவே இருந்தது. ஏற்றத்துக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. றப்பர் மென்மையாக இருக்க வேண்டும், ஓட ஓடச் சூடேறித் தார் றோட்டில் ஒட்ட வேண்டும், முழு அகலமும் நிலத்தில் பட வேண்டும். நாலைந்து போட்டியோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். முடியட்டும், அதற்கென்றே செய்தது என்பார். என் கணவர், அதாவது இவர், "ரெண்டுக்கும் பாவிக்கக்கூடிய மாதிரி ஒண்டை எடுத்தால் என்னக்கா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் எண்டு விக்கிறது ரெண்டிலையும் அரைவாசிதான் தம்பி. றோட்டிலை அரைவாசி போதும். வளைவிலை அது காணாது" என்றார் மச்சாள்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் அவர் தம்பிக்கு விளங்கப்படுத்தினார். நான் புட்டுக் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். "மேசையிலை கையை வை. விரலை விரிச்சுப்போட்டுத் தள்ளிப் பார். இப்ப உள்ளங்கை முழுக்க அழுத்தித் தள்ளு. எது இறுகப் பிடிக்குது?" இவர் இரண்டு விதமாகவும் தள்ளிப் பார்த்தார். "முழுக்கைதான்." "அவ்வளவும்தான். வரி எண்டது தண்ணி ஓடிப் போறதுக்கு. தண்ணியில்லாத இடத்திலை வரி வெட்டினால் பிடிப்பைத்தான் வெட்டி எறியிறாய்." "அப்ப மழை பெஞ்சால்?" "மழையெண்டால் வழுக்கும். ஆனால் அங்கை சித்திரையிலை காலமை நல்ல வெயில். போட்டியும் காலமை." இவர் தலையாட்டினார். நல்ல கேள்வி கேட்டான் என்று மச்சாள் முகம் மலர்ந்தது. இவ்வளவையும் நான் விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ரயர்கள் வந்து வெங்காயக் கொட்டிலில் அடுக்கிக் கிடந்தன. போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. மச்சாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த ஒரு காலை, இவர் அவற்றை உழவு யந்திரத்துக்குப் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "சும்மா, காத்துப் பாக்க" என்றார். சில்லில் பூட்டாத ரயருக்கு என்ன காற்று? எனக்கு அவ்வளவு அறிவு இருந்தது. இருந்தும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பின்னேரம் திரும்பி வந்தபோது கூடவே ஒரு மனிதரும் வந்தார். சந்தைக்குப் பின்னால் ரயர் வேலை செய்பவர். தேய்ந்துபோன ரயருக்குக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி வரி வெட்டிக் கொடுப்பதில் அவர் பேர்போனவர். பொலிசு மறித்தால் தப்புவதற்கு வாடகைக் கார்க்காரர் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். தன் வேலையை வீட்டாருக்குக் காட்ட அவரே வந்திருந்தார். "பாருங்கோ தங்கச்சி, வலு நேரா வந்திருக்கு. றப்பர் வெண்ணெய் மாதிரி. இனி ஒருத்தரும் வழுக்கை எண்டு சொல்லேலாது." நான்கு ரயரிலும் வளைந்து வளைந்து வரி ஓடியிருந்தது. சில இடங்களில் கத்தி ஆழப் போய் உள்ளிருந்த நூல் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு அந்த மனிதரில் துளி கோபம் இல்லை. வழுக்கை என்றார்கள், வெட்டினார்.

மச்சாள் வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, ரயரின் பக்கத்தில் குந்தி, சுட்டு விரலை ஒரு வரிக்குள் விட்டு நூல் தட்டும் வரை இழுத்துப் பார்த்தார். "ஆர் வெட்டச் சொன்னது?" இவர் தலையைச் சொறிந்தார். "வழுக்கை ரயரோடை மலையிலை ஏறப்போறாய் எண்டு... எனக்குத் தெரியாமல் போச்சக்கா." உடனே மாமி ஓடிவந்து நடுவில் நின்றார். "பாவம், அவன் தெரியாமல் செய்துபோட்டான். நல்லதுக்கெண்டுதானே செய்தவன்."

தெரியாமல்! எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை செய்த எந்த அநியாயத்துக்கும் போர்த்திவிட ஒரு போர்வை உண்டென்றால் அது இந்தச் சொல்தான். ஒரு பெண் தெரியாமல் கறிக்கு உப்புக் கூட்டிப் போட்டால் அவளுடைய தாய் வளர்த்த வளர்ப்பு வரைக்கும் இழுப்பார்கள். ஆண் தெரியாமல் ஒருத்தியின் வாழ்வையே அறுத்துப் போட்டாலும் பாவம் அவன். மேசையில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தவருக்குத் தெரியாதாம். மழை பெய்தால் என்று கேட்டவருக்குத் தெரியாதாம். அக்கா தெற்கே தனியப் போவதை நினைத்து இவருக்குப் பயம், அது எனக்கும் விளங்கும். ஆடி முடிந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை, யாருக்குத்தான் பயமில்லை? பயம் என்றால் அக்கா, எனக்குப் பயமாயிருக்கு, போகாதை என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். மச்சாள் சில வேளை நின்றும் இருப்பார். அதைச் சொல்ல வாய் வராதவருக்குக் கத்திக்காரரைத் தேடிப் போகக் கால் வந்தது. தோலிருக்கச் சுளை விழுங்குகிற வேலை என்று எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

லண்டனிலிருந்து வேறு ரயர் வரக் காலமில்லை. மச்சாள் அடுத்த நாள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய் வந்தார். பிறகு, "பேர் குடுத்தாச்சு, போறன்" என்றார். வெட்டிய ரயர்களைப் பக்கத்து இருக்கையிலும் பின்னாலும் கட்டிக்கொண்டு ஒரு விடியலில் புறப்பட்டார். ஆறாம் நாள் திரும்பி வந்தார். மாமி கால் கழுவத் தண்ணீர் வார்த்துக்கொண்டே என்னடி நடந்தது என்று கேட்டார். மச்சாள் தம்பியைப் பார்த்தார். "அங்கை நல்ல மழை. வரி வெட்டினது நல்லதாப் போச்சு. நாலாவதா வந்தனான்." இவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். அக்காவை அப்படியே தூக்கப் போனார்.

அன்றைக்குத் தொடங்கிய புராணம். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா, எங்கே நாலு பேர் கூடினாலும் இவர் தொடங்கிவிடுவார். "அண்டைக்கு நான் வரி வெட்டுவிச்சிருக்காட்டில் அக்கா மலையிலை இருந்து கீழை போயிருப்பா." மச்சாள் இருக்கும் சபையிலேயே சொல்வார். மச்சாள் சிரித்துக்கொண்டு கேட்டிருப்பார். அவர் அதற்குப் பிறகு ஒரு போட்டிக்கும் போகவில்லை. பாதையும் மூடிக்கொண்டே வந்தது. தொண்ணூறில் தடை வந்து ரயர், பெற்றோல் எல்லாம் யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடாத பொருளானபோது கார் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே போனது. அந்த நான்கு ரயர்களில் இரண்டை இவர் உழவு யந்திரப் பெட்டிக்குப் பூட்டினார். அதற்கும் புராணத்தில் ஒரு அத்தியாயம் சேர்ந்தது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, ஊர் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது எங்கள் சட்டி பானை அந்தப் பெட்டியில்தான் போனது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பங்களாக இருந்தோம். விடாமல் மழை. ஒரு மத்தியானம், வாசற்படியில் ஒதுங்கி நின்ற முன்பின் தெரியாத சனத்துக்கு இவர் கதையை எடுத்தார். "அண்டைக்கும் இப்பிடித்தான் ஊத்து ஊத்தெண்டு ஊத்தினது." நானும் மச்சாளும் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மச்சாள் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "அண்டைக்கு மழை பெய்யேல்லை."

கீரைப் பிடி என் கையிலேயே நின்றது. அவர் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு போனார். அன்று மலையில் நல்ல வெயிலாம். ஏற்றத்தின் அடியில் கார்களைச் சோதிப்பவர்கள் ரயரில் தெரிந்த நூலைப் பார்த்தவுடனே முடியாது என்றுவிட்டார்களாம். படிவத்தில் எழுதிக் கொடுத்த ரயர் அது என்பதால் வேறு ரயரில் ஓடவும் விடவில்லையாம். மச்சாள் காரை ஓரமாக விட்டுவிட்டு மதிலில் இருந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தாராம். "ஏன் மச்சாள் பொய் சொன்னனீங்கள்?" என்றேன். "அவன் சாகுமட்டும் அதையே நினைச்சுக்கொண்டு திரிவான் எண்டு பயந்தன். நீ சொல்லிப்போடாதை பிள்ளை." வெளியே இவர் கதையின் உச்சத்துக்கு வந்திருந்தார். யாரோ கைதட்டினார்கள்.

நான் சொல்லவில்லை. மச்சாள் இருக்கும் வரைக்கும் சொல்லவில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் லண்டன் அண்ணையின் மகன் வந்திருந்தான். புதிதாக வேகக் கார் ஒன்று வாங்கியிருக்கிறானாம், எந்த ரயர் போடுவது என்று குழம்புகிறானாம். கேட்க வேண்டுமா? இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார். மழை பெய்கிற இடம் வந்ததும், "மழை பெய்யேல்லை. அவ ஓடவுமில்லை" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன். "எனக்குத் தெரியும்" என்றார். "காரிலை இருந்து ரயரை இறக்கினது நான்தானே. ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கேல்லை."

"அப்ப நாப்பது வருசமா ஏன் இந்தக் கதை?"

"அக்காதானே அப்பிடிச் சொன்னவ. அக்கா சொன்னதை நான் பொய்யாக்கிறதோ?" என்று சொல்லிவிட்டு, பெடியனிடம் தேத்தண்ணி ஆறுது, குடி என்றார்.

இந்த மனிதரோடு இனி என்ன கதைக்கிறது? அதனால் இதை எழுதி வைக்கிறேன். அந்தச் சித்திரையில் மலையில் மழை பெய்யவில்லை. மச்சாள் நாலாவதாக வரவில்லை, ஓடவேயில்லை. எரித்தவர்கள் விட்டுவைத்ததை வீட்டில் உள்ளவர்கள் பிடுங்கினோம். பிடுங்கினார் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் ரயர்களைப் பெட்டியில் ஏற்றிய அந்தக் காலை, நான்காவதை மற்ற மூன்றுக்கும் மேலே தூக்கி வைக்க இவரால் தனியே முடியவில்லை. இஞ்சேர், ஒரு கை பிடியும் என்றார். நான் பிடித்தேன்.