ஏற்கெனவே சூடாயிருந்த வண்டி

என் தம்பி எர்ச்சிமுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல் ஜாஸ்தி. என் தட்டில் ரெண்டு மீன் துண்டு விழுந்தால் உடனே தன் தட்டை அம்மாவிடம் நீட்டுவான். ஊர் வீடுகளுக்கெல்லாம் குழாயில் சூடு அனுப்பும் வெந்நீர் நிலையத்தில் மெக்கானிக் ஆனான், கல்யாணமும் ஆயிற்று, அந்தக் குணம் மட்டும் போகவில்லை. அவன் மனைவி சர்கிலானா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்கு ஒருத்தன் இருமிக்கொண்டு வந்தால்கூட இவனுக்குப் பொறுக்காது.

சைபீரியாவில், எங்கள் யாகுட்ஸ்கில் ஜனவரி மாதம் வண்டி வைத்திருப்பதும் கைக்குழந்தை வைத்திருப்பதும் ஒன்றுதான். மைனஸ் ஐம்பதுக்குப் போய்விட்டால், அடிக்கடி கீழே இறங்கி என்ஜினை ஓடவிட்டு, மறுபடி மெத்தைப் போர்வையால் மூடிவிட்டு வரவேண்டும். எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்பதில் எங்கள் குடியிருப்பில் ஆளுக்கொரு வேதம். எர்ச்சிம் இருபது நிமிஷக் கட்சி. மூன்றாம் மாடி மிச்சிலுக்கு இந்தப் பாடே கிடையாது. அவனுக்கு ஹீட்டர் போட்ட கேரேஜ் இருக்கிறது. அந்த ஒரு குற்றத்துக்காகவே எர்ச்சிம் அவன் முகத்தில் விழிப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். நானும் அதே கட்டிடம்தான், கீழ்த்தளம். கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அக்கா, ஏழு மணிக்கு வண்டிய சூடாக்கப் போனா, ஏற்கெனவே சூடா இருக்கு. இந்த வாரம் பூரா இதே கதை."

"நல்லதுதானடா, உனக்கு வேலை மிச்சம்."

"வெளையாடாதக்கா. இன்னொரு சாவி அவகிட்டதான் இருக்கு. பஸ் லேட்டுன்னு சொல்லிட்டு ஏழு மணிக்குத்தான் வர்றா. ஆனா வண்டி எங்கயும் போகல. டயர் நின்ன எடத்துலயே தட்டையா ஒறைஞ்சு கெடக்கு."

"போகலன்னா அப்புறம் என்ன?"

"போகலன்னா, அங்கயே எவனோ வர்றான்னு அர்த்தம்."

எவனோ என்றால் மிச்சில்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நன்றாகத் திட்டி அனுப்பினேன். ஆனால் அவன் போனபிறகு நானும் யோசித்துப் பார்த்தேன். மிச்சில் நல்ல உயரம், பேச்சும் இனிக்கும்.

மறுநாள் சாயங்காலம் எர்ச்சிம் ஏழு மணிக்கு முன்பே வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். என்ஜின் சத்தத்தை வைத்துத்தான் வண்டியைக் கண்டுபிடித்தோம். எர்ச்சிம் கதவை வெடுக்கென்று திறந்தான்.

சர்கிலானா தனியாக உட்கார்ந்திருந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலை ஹீட்டர் பக்கம் நீட்டி, முட்டைக்கோஸ் பன் தின்றுகொண்டிருந்தாள். திடுக்கிடக்கூட இல்லை.

"யாரத் தேடுற?"

என் தம்பி பின்சீட்டை எட்டிப் பார்த்தான். அப்படியும் மனசு ஆறாமல் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது.

"பஸ் லேட்டுன்னு சொன்ன?"

"பஸ் சரியாத்தான் வருது. மேல வந்தா கடைக்கு எவன் வந்தான், எவன் சிரிச்சான்னு ஆரம்பிப்ப. அதுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெம்பு வேணும். இங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணி, குளிர் உள்ள வருது. கதவ மூடச் சொல்லுங்க."

அவன் கதவை மூடினான். உள்ளே ஏறவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

என் சமையலறையில் உட்காரவைத்துப் பால் ஊற்றி டீ கொடுத்தேன். அவன் தொடவில்லை.

"இப்பவாவது சந்தேகம் தீந்துச்சா? ஒருத்தனும் இல்லடா."

"ஒருத்தன் இருந்திருந்தா நாலு சாத்து சாத்திட்டு வந்திருப்பேன்க்கா" என்றான். "இப்ப நான் யாரப் போய் அடிக்கிறது?"

எனக்குப் பதில் தெரியும். சொன்னால் தாங்கமாட்டான் என்று டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.