தொட்டில் மீட்டிங்கில் மூன்றாவது ஆள்

பிள்ளைக்கு எட்டு மாதமானபோது நான் தினமும் பிற்பகலில் இரண்டு மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றுதான் அலுவலகத்துக்குத் தெரியும்.

கணவர் கத்தாரில். உம்மா காலையில் வந்து, பகல் சாப்பாடு முடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பிறகு நானும் பிள்ளையும் மட்டும். நான் பேசினால் அவன் விழித்துக்கொள்வான் என்பதால் லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோயிருந்தேன். அவன் கீழே உள்ளறையில், ராமநாதபுரத்தில் வாங்கிய மரத்தொட்டிலில் தூங்குவான். எதிரே அலமாரியில் பழைய போனைச் சாய்த்து வைத்து அதிலிருந்து ஒரு வீடியோ மீட்டிங்கில் சேர்த்துவிடுவேன். மாடியில் என் லேப்டாப்பின் மூலையில், உள்ளங்கை அளவு சன்னலில் அவன் தூங்குவது தெரியும். சிணுங்கினால் மைக்கைத் திறந்து, "இந்தா வாரேன் வாப்பா" என்பேன். சில சமயம் அந்தக் குரலிலேயே அடங்கிவிடுவான். அலுவலக மீட்டிங் தொடங்கியதும் தொட்டிலறைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிச் செய்வது சரியா, பிள்ளையைப் போனிடம் விட்டுவிட்டுச் சம்பாதிக்க வேண்டுமா என்று தினமும் கேட்டுக்கொள்வேன். தினமும் செய்தேன்.

கச்சான் காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கணக்குத் தாளை மட்டும் பகிர்வதற்குப் பதில் அவசரத்தில் முழுத் திரையையும் பகிர்ந்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. வரிசை வரிசையாக விளக்கிக்கொண்டே போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார்.

"பேபிக்கும் டெய்லி மீட்டிங்கா மேடம்?"

பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். சென்னையிலிருந்த டீம் லீடர் அம்மா பரவாயில்லை என்றார். குட்டி நன்றாகத் தூங்குகிறான் என்றார். நான் பகிர்வை நிறுத்துவதற்குள் இன்னொன்றும் கேட்டார்.

"அந்தக் கறுப்புப் பெட்டி யாரு? உங்க வீட்டுக்காரரா?"

பார்த்தேன். ஒரு பெட்டியில் பிள்ளை. ஒன்றில் நான். அவற்றுக்குக் கீழே, கேமரா அணைத்த மூன்றாவது பெட்டி. பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ போன் மாடலின் எழுத்தும் எண்ணும் இருந்தன.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மீட்டிங் முடிந்து நான் படியிறங்கி ஓடியபோது பிள்ளை விழித்திருந்தான். அழவில்லை. அலமாரியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். போன் திரையில் அந்தக் கறுப்புப் பெட்டி போயிருந்தது.

அன்று கணவர் அழைத்தபோது, மீட்டிங்கில் இருந்தது அவரா என்று கேட்டேன். வேலை நேரத்தில் போனைத் தொடவே விடமாட்டார்களே என்றார். பிறகு, "அந்த லிங்க யாருக்குல்லாம் குடுத்த?" என்றார்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாற்பதாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டபோது, வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்காகக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு லிங்க் போட்டிருந்தேன். தினமும் புதிதாக எடுக்கச் சோம்பல்பட்டு அதையேதான் பயன்படுத்திவந்தேன். பழைய போனின் இணைப்பு அடிக்கடி தானாக அறுந்து திரும்பச் சேரும். ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று, கேட்காமலே யாரும் உள்ளே வரும்படி வைத்திருந்தேன். குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் என் பிள்ளை தூங்கும் அறை திறந்தே கிடந்திருக்கிறது.

புது லிங்க் எடுத்துவிடு என்றார் கணவர். எடுத்திருக்க வேண்டும். ஆனால் யார் என்று தெரியாமல் கதவைச் சாத்தினால் இன்னும் பயமாக இருக்கும் போலிருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தொட்டில் மீட்டிங்கை மட்டும் திறந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்தேன். என் கேமராவையும் மைக்கையும் அணைத்திருந்தேன். பிள்ளை தூங்கிய கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பெட்டி வந்தது. அதன் மைக் திறந்திருந்தது. எதுவும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டதுபோல் இருந்தது. அது பிள்ளையின் மூச்சாகவும் இருக்கலாம்.

அப்போது தெருவில் மீன்காரரின் மொபெட் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்தது. யாருடைய பக்கம் சத்தம் வந்தாலும் அவர்கள் பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு எரியும். பிள்ளையின் பெட்டியில் எரிந்து அணைந்தது. ஹாரன் கடல் பக்கமாகத் தேய்ந்து போனது. மாடிச் சன்னல் வழியே அது கேட்காமல் போன பிறகு, கறுப்புப் பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு எரிந்தது. இயர்போனில் அதே ஹாரன், நெருக்கத்தில்.

எங்கோ நாடு கடந்து இருப்பதாக நான் நினைத்திருந்த ஆள் எங்கள் தெருவில் இருந்தார்.

எங்கள் வீட்டைத் தாண்டி, கடற்கரைக்கு முன்னால், இரண்டே வீடுகள். ஒன்று பூட்டிக் கிடப்பது. முதலில் அதைத்தான் நினைத்தேன். சன்னல் வழியே அதன் மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துருப்பிடித்த பூட்டு கதவில் அப்படியே தொங்கியது. மற்றது மச்சியின் வீடு.

மச்சி என் கணவரின் அக்கா. மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து உம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்ல மனசுதான் அவளுக்கு. ஆனா மனசு வேற, கண்ணு வேற. தூங்குற புள்ளைய அவ பாக்காம வச்சுக்க." படித்தவள்தான் நான். கண்ணேற்றில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மச்சி வரும் நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்திவைத்தேன். நாற்பதாம் நாளன்று அவர் எங்கள் அடுப்படியில்தான் இருந்தார், கூடத்துக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. அன்று திரையில் வரிசையாகத் தெரிந்த பெட்டிகளில் இந்தப் பெயரில்லாததும் இருந்ததோ, இரண்டு சுவர் தள்ளி நின்று போனில் பார்த்தாரோ என்று இப்போது தோன்றியது. பயம் குறையவில்லை. அந்நியர் ஒருவர் பார்த்திருந்தால் லிங்கை மாற்றினால் போதும். இவர் தினமும் பார்த்திருப்பார், ஆனாலும் பிள்ளைக்கு இதுவரை ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. இனிமேல் வருமோ?

மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். மச்சி கூடத்தில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என் கை மொளகாக் கை," என்றார். "தொடமாட்டேன். பயப்படாத."

புது முகம் கண்டால் அலறும் பிள்ளை, பால்காரரையே ஏறெடுத்துப் பார்க்காதவன், அந்தக் குரல் கேட்டதும் என் தோளிலிருந்து முகத்தைத் திருப்பினான். தெரிந்த ஆளைத் தேடுவதுபோல் தேடினான். நான் சத்தத்தை நிறுத்திவிட்டு அலுவலகத்தில் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை பிற்பகல்களிலும் இந்தக் குரல் அந்த அறையில் இருந்திருக்கிறது.

"அவன்ட்ட என்ன மச்சி சொல்லுவீங்க?"

"நான் ஒண்ணும் சொல்றதில்ல. முழிச்சான்னா ஒருக்கா கூப்புடுவேன். பொறவு அவந்தான் பேசுவான், நான் கேட்டுக்கிட்டு கெடப்பேன்." காம்பைக் கிள்ளியபடியே தொடர்ந்தார். "நீ வேணாம்னா வரல."

வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். பிள்ளை அவர் பக்கமாக முழு உடம்பையும் சாய்த்தான். என் கை தானாக இறுகியது. இப்போது நினைத்தாலும், நான் யோசித்துச் சொன்னேனா, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேனா என்று தெரியவில்லை.

"கையக் கழுவிட்டு வாங்க மச்சி."

அவர் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.