சாக்கடைத் தங்கமும் செம்பருத்தி இலையும்

இன்று காலை என் வீட்டுக்காரி செம்பருத்தி இலையைக் கசக்கித் தலையில் அப்பிக்கொண்டு வந்து நின்றாள். மற்றவர்களுக்கு அந்தப் பச்சை வாடை என்றால் கூந்தல். எனக்குச் சாக்கடை.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனபின், இலங்கை மலையகத்து ஹட்டனில் நகைப் பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் மண் அள்ளினேன், கூட்டாளி கதிர்வேலோடு. பட்டறையில் அராவும்போது சிந்தும் தங்கத்தூள் அதில்தான் வந்து சேரும். ஊரில் உள்ள மற்றதெல்லாமும் சேரும். விவரிக்கமாட்டேன், நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம். மண்ணைத் தட்டில் அலசி, மிஞ்சும் கறுப்பு மணலில் பாதரசம் விட்டுப் பிசைந்தால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தேயிலைத் தோட்டத்தில் கதிர்வேல் குடியிருந்த லயத்து வீட்டு அடுப்பில் காய்ச்சுவோம். பாதரசம் புகையாகப் போய்விடும். எங்கே போகும் என்பதுதான் என் கவலை. பல் கொட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆடுகிறதா என்று நாக்கால் தள்ளித் தள்ளியே ஒரு நல்ல பல்லை ஆட்டிவிட்டேன்.

அப்போது கதிர்வேலின் மனைவி சரோஜா முழுகாமல் இருந்தாள். "புள்ளைக்கு ஆகாதுடா" என்று நான் சொன்னால் அவன், "நீ மொதல்ல ஒம் பல்லப் பாரு" என்பான். பொறுக்காமல் சரோஜாவிடமே சொன்னேன்.

"இனிமே இந்தக் கருமத்த என் அடுப்புல வச்சீங்க, ரெண்டு பேரையும் சேத்துக் காய்ச்சிருவேன்!"

எங்கோ ஒரு நாட்டில் வழுவழுப்பான இலைச்சாறு விட்டே தங்கம் பிரிக்கிறார்களாம் என்று வானொலியில் கேட்டிருந்தேன். எந்த இலை என்று சொல்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. "வழுவழுன்னா செம்பரத்தைதான்" என்றாள் சரோஜா. தோட்டத்தில் இருந்த ஒரே செடி மாரியம்மன் கோயிலில். பூசாரி பிடித்துவிட்டார். "பூவப் பறிச்சாலும் சாமிக்குன்னு விடலாம். எலைய உருவுறீங்களே, ஆடாடா நீங்க?"

மடியில் மிஞ்சிய இலையைப் பிழிந்ததில் முதல் தடவை சாறு கூடிப்போய், மண்ணும் தங்கமும் கூழாகக் கட்டிக்கொண்டன. "தலைக்குத் தேய்டா, ஒன் மண்டையாவது மின்னும்" என்றான் கதிர்வேல். அடுத்த முறை சில சொட்டுகள்தான். மிதந்து ஓடப்பார்த்த தூள் அடங்கி அடியில் இறங்கியது. தங்கம் இளக வெங்காரம் போட்டு உருக்கினோம். முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான் என்று கதிர்வேல் முனகினான். சரோஜா பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

பெண் பிறந்தது. நான் முதலில் வாயைத்தான் பார்த்தேன். பல்லே இல்லை! பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

இலைத் தங்கத்தில் பிள்ளைக்குக் கடுகளவு தோடு செய்து போட்டோம்.

இப்போது சாக்கடைக்கு மேலே கொங்கிரீட் மூடி. பட்டறைகளும் இல்லை, நகை செய்து முடித்தே கொழும்பிலிருந்து வருகிறது. போன வருடம் ஓடைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்கும்போது பிள்ளையின் தோடு ஒன்று விழுந்துவிட்டது. நானும் கதிர்வேலும் தட்டோடு இறங்கிப் பொழுது சாயும்வரை அலசினோம். ஊர்ச் சாக்கடையிலேயே தங்கம் எடுத்த எங்களுக்கு, தெளிந்த தண்ணீரில் ஒன்றும் அகப்படவில்லை. தோட்டைத் தொலைத்தவளோ கரையில் ஏறி நின்று, "கீழ போயிருக்கும் மாமா, இன்னும் கீழ பாருங்க" என்று எங்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.