நான் நிறுத்திய தே தாரிக்

கணவரின் கிரெடிட் கார்டு கடனை அடைக்க, இருவர் சம்பளத்தையும் ஒன்றாகப் போட்டு வீட்டுக் கணக்கை நான்தான் எழுதினேன். காலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவர் குடிக்கும் தே தாரிக் டீயைக்கூட நிறுத்தினேன். மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டார்.

எனக்கும் ஒரு கார்டு இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அக்கா மகள் சடங்குக்கு வெறுங்கையோடு போக மனமில்லாமல், அதில் தங்கச் சங்கிலி வாங்கினேன். அம்மா காசு கொடுத்ததாக அவரிடம் பொய் சொன்னேன்.

ஒரு நாள் காலை, இருவரும் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகும் வழியில் கார் நெரிசலில் நின்றது. பாட்டுக்காக என் கைப்பேசியைக் கார் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தேன். அழைப்பு வந்ததும் அவர் பொத்தானை அழுத்திவிட்டார். வங்கியிலிருந்து ஒரு பெண், என் கார்டுக்கு இரண்டு மாதமாகப் பணம் கட்டவில்லை என்று மலாயில் சொன்னாள்.

முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. இறங்கி ஓடக்கூட வழியில்லை.

"சங்கிலியா?" என்றார்.

"ஆமாங்க."

அவர் பாட்டை மறுபடி ஓடவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு மூச்சாவது வந்திருக்கும்.

மாலையில் கணக்கு நோட்டை அவரே எடுத்து, தன் கடனுக்குக் கீழே என் கடனையும் எழுதினார். நான் பேனாவை வாங்கி, செலவுப் பக்கத்தில் 'தே தாரிக்' என்று சேர்த்தேன்.

அவர் அதை அடித்துவிட்டார்.

"உன்னோடதும் முடியட்டும்லா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே குடிக்கலாம்."

இன்னும் முடியவில்லை. மாமாக் கடையைக் கார் தாண்டும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன்.